லாரி ஆபீசம்மா

போனை எடுத்ததும் ‘ஹலோ’ சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. “எங்க இருக்கு?” என்பார். கூப்பிட்டது அவருடைய டிரைவராக இருந்தாலும் சரி, சரக்கு அனுப்பிய முதலாளியாக இருந்தாலும் சரி, முதல் சொல் அதுதான். பெங்களூரிலிருந்து அவருடைய தம்பி, தனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லக் கூப்பிட்டபோதும் அதையே கேட்டாராம். தம்பி திகைத்துப்போய், “ஆஸ்பத்திரிலதான்க்கா இருக்கு, தொட்டில்ல” என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய வீட்டுக்காரர். அவர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா சிரிக்காமல் ரிசீவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆம்பூரில் ஹைவே ஓரமாக, பிரியாணிக் கடைகளின் விறகுப் புகை வந்து அடிக்கும் இடத்தில் அவருடைய லாரி ஆபீஸ் இருந்தது. தகரக் கூரை, ஒரு இரும்பு மேஜை, மேஜையில் கறுப்பு டெலிபோன். ஊரே அவரை ஆபீசம்மா என்றுதான் கூப்பிட்டது. நல்ல உயரம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார், ரிசீவரைப் பிடித்தபடியே மணி பார்ப்பதற்கு. லாரி ஓட்டியவர் அவருடைய வீட்டுக்காரர்தான். அவருக்குப் பார்வை மங்கிப்போன பிறகு இந்தம்மா மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அவர் பின்கட்டில் ஸ்டவ் பற்றவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுப்பார். வந்திருப்பது யாரென்று குரலை வைத்துத் தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி சர்க்கரை போடுவார்.

நான் அப்போது ஒரு ஷூ தொழிற்சாலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் சேர்ந்தவள். எங்கள் சரக்கு அவருடைய லாரிகளில்தான் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும். அதனால் தினமும் ஒருமுறையாவது அவரோடு பேசிவிடுவேன். அந்தக் காலத்தில் சரக்கு லாரி கேட்டைத் தாண்டிவிட்டால், போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எந்த லாரி ஆபீசில் கேட்டாலும் “வந்துக்கினே இருக்குது”, “இதோ சேர்ந்துடும்” என்பார்கள். அந்த இரண்டு வாக்கியங்களையும் நான் ஆபீசம்மாவின் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. “வாலாஜா பங்க்ல டீசல் போட்டான். அதுக்கப்புறம் தெரியாது. தெரிஞ்சா சொல்றேன்” என்பார். வைத்துவிடுவார்.

டிரைவர்கள் அவரிடம் பயப்பட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது ஒரு டிரைவர் கூப்பிட்டு, ஸ்ரீபெரும்புதூர் வந்துவிட்டதாகச் சொன்னான். அவன் குரலுக்குப் பின்னால் ரயில் வருவதாக யாரோ ஒலிபெருக்கியில் அறிவிப்பது எனக்கே கேட்டது.

“ஸ்ரீபெரும்புதூருக்கு எப்படா ரயிலு வுட்டாங்க?” என்றார் ஆபீசம்மா.

அவன் காட்பாடியில் படுத்துத் தூங்கிவிட்டு எழுந்திருக்கிறான்.

“தூங்கினேன்னு சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்ச நேரம் தூங்குடான்னு சொல்லியிருப்பேன். இல்லாத எடத்துல இருக்கேன்னு சொன்னியே, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் எங்கன்னு வந்து தேடறது?” என்றார். அந்த நடை முடிந்ததும் அவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். பத்து வருஷமாக ஓட்டிய ஆள். அவனுடைய அம்மா வந்து அழுதும் அவர் மனம் மாறவில்லை.

அவரிடம் பூசிமெழுகிப் பேசுவது என்பதே கிடையாது. டிரைவர்களின் மனைவிமார் வந்து விசாரித்தால், இருப்பதை இருப்பதுபோல் சொல்லிவிடுவார். ஒருமுறை கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம், “வேலூர் ஆஸ்பத்திரில இருக்கான். கால் எலும்பு முறிஞ்சிடுச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. இந்த பஸ்ஸ புடி” என்றார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரவைத்துத் தண்ணீராவது கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆபீசம்மா அவளுடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தானே பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் போனை எடுத்து, “எங்க இருக்கு?” என்று அடுத்த லாரியைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவு கறார் ஆரம்பத்தில் அவரிடம் இல்லை என்று அவருடைய வீட்டுக்காரர் சொல்வார். அது எப்போது வந்தது என்பது எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் ஆம்பூரிலிருந்து கப்பலேறியது அரைப் பதனிட்ட தோல்தான். கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றுவார்கள். அது துறைமுகக் கிடங்கில் போய்க் கிடக்கும். இந்தக் கப்பல் இல்லையென்றால் அடுத்த கப்பல். தோல் கெட்டுப்போகாது, வாங்குகிறவனும் அவசரப்படமாட்டான். பிறகு அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே அனுப்பக் கூடாது, பொருளாகச் செய்து அனுப்புங்கள் என்று அரசாங்கம் நெருக்கியது. ஊரில் ஷூ தொழிற்சாலைகள் முளைத்தன. எங்கள் தொழிற்சாலையில் ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து ஜெர்மனிக்கு அனுப்பினோம். அடிப்பாகத்தை அங்கே ஒட்டிக்கொள்வார்கள். தையல் மெஷின்களில் வரிசை வரிசையாகப் பெண்கள். என் தங்கை செல்வியும் அதில் ஒருத்தி.

முதல் பெரிய ஆர்டரை ஏற்றிப்போனது வேறொரு கம்பெனியின் லாரி. அது வழியில் அச்சு முறிந்து ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. டிரைவர் சாமான் வாங்க எங்கேயோ போய்விட்டான். எங்களிடம் லாரி ஆபீஸ்காரர்கள் ‘வந்துக்கினே இருக்குது’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கப்பல் போய்விட்டது. ஜெர்மனிக்காரர் சரக்கு வேண்டாமென்று தந்தி கொடுத்தார். பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்து எங்கள் கிடங்கில் அடுக்கப்பட்டன.

அந்தச் சமயம் வேறு வேலையாக வந்த ஆபீசம்மா கிடங்கில் நின்று ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே மயிர் வைத்துத் தைத்த பழுப்புநிற பூட்ஸின் மேல்பாகம். கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“பூசணம் புடிக்கல, கிழியல. அப்புறம் ஏன் வாணாங்கறான்?” என்று மேனேஜரிடம் கேட்டார்.

மேனேஜர் பெட்டிகளைப் பார்க்காமல் பேசினார். “இது குளிருக்குப் போடறதும்மா. போய்ச் சேர்றதுக்குள்ள அங்க குளிரு முடிஞ்சிடும். கடையில யாரும் வாங்கமாட்டாங்க.”

ஆபீசம்மா அதைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். “அப்ப இது தோலு இல்ல சார். பாலு” என்றார்.

அடுத்த வாரமே அவர் பஸ் ஏறி மெட்ராஸ் வரைக்கும் போனார். வழியில் டெலிபோன் இருக்கிற பெட்ரோல் பங்க், அரிசி மில், மருந்துக்கடை என்று ஒவ்வொரு இடமாக இறங்கி ஆட்களைப் பழக்கம் பிடித்தார். அதற்குப் பிறகு அவருடைய டிரைவர்கள் அந்த ஒவ்வோர் இடத்திலும் நின்று போன் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும். தீபாவளிக்கு அந்தக் கடைக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஆம்பூரிலிருந்து துணி போகும். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்களுக்கு அவர் குரல் கேட்டதுமே லைன் கொடுத்துப் பழகிவிட்டது. எங்கள் மேனேஜர் சரக்கை அவரிடம் மாற்றிக்கொடுத்தார். ஜெர்மனிக்காரருக்கு எழுதும்போது, சரக்கு எந்த ஊரில் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார். ஆர்டர்கள் கூடின. தையல் வரிசை ஒன்று மூன்றாயிற்று. ஊரில் எவ்வளவோ பேர் தோல் பதனிட்டார்கள், எவ்வளவோ பேர் நன்றாகத் தைத்தார்கள். எங்கள் தொழிற்சாலை மேலே வந்ததற்கு அந்தக் கறுப்பு டெலிபோன் ஒரு பெரிய காரணம் என்பதை மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அன்று எங்கள் சரக்கு போயாக வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் துறைமுகத்தின் கேட்டுக்குள் நுழையாவிட்டால் அந்தக் கப்பல் இல்லை. அதே ஜெர்மனிக்காரர். இன்னொரு தடவை பிந்தினால் இனிமேல் ஆர்டர் கிடையாது என்று முன்பே எழுதியிருந்தார்.

காலையில் ஏழுமலை வண்டியை எடுத்தான். ஆபீசம்மாவிடம் இருந்தவர்களில் அவன்தான் கை தேர்ந்த டிரைவர். முப்பது வயதுகூட இருக்காது. கிளீனராகக் கூடப் போனது அவனுடைய மச்சான். வேலூரிலிருந்து போன் வந்தது. வாலாஜாவிலிருந்து வந்தது. அடுத்த போன் வரவேண்டிய நேரம் கடந்துவிட்டது. மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு லாரி ஆபீசுக்கே வந்துவிட்டார். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஆபீசம்மா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது.

“எங்க இருக்கு?”

காவேரிப்பாக்கத்துக்கு முன்னால், ஒரு அரிசி மில்லில் இருந்து ஏழுமலை பேசினான். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் ரோட்டின் மேல் ஓடுகிறதாம். அவன் கத்திப் பேசியதால் எங்களுக்கும் அரைகுறையாகக் கேட்டது. “முட்டிக்கு மேலதாம்மா இருக்குது. நமக்கு முன்ன ரெண்டு வண்டி தாண்டிப் போய்டுச்சு. போய்டலாம்மா.”

“தண்ணி எந்தப் பக்கமா இழுக்குது?”

“இடது பக்கம்.”

“ரோட்டோரக் கல்லு தெரியுதா?”

“வலது பக்கம் தெரியுது. இடது பக்கம் தெரியல. ரோடு எனக்குத் தெரியும்மா, நான் பாக்காத ரோடா?”

“இரு” என்றார் ஆபீசம்மா.

மேனேஜர் எழுந்துவிட்டார். “தாண்டச் சொல்லும்மா. ரெண்டு வண்டி போயிருக்குதுன்றான் இல்ல?”

ஆபீசம்மா ரிசீவரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“அந்த ரெண்டு வண்டியும் யாருதுன்னு எனக்குத் தெரியாது சார். அதுல யாரு இருக்காங்கன்னும் தெரியாது. இதுல யாரு இருக்காங்கன்னு தெரியும்.”

“அவனே போறேன்றான். அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போவுது?”

“அவன் போவான். என் வாயால ஒரு சொல்லு கெடச்சா போதும், போய்டுவான். அதுக்குத்தான் கேக்கறான்.”

மேனேஜர் மேஜையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். “போனைக் குடும்மா. நான் பேசறேன். சரக்கு எங்களுது.”

“சரக்கு உங்களுது. வண்டியும் ஆளும் என்னுது.”

“இந்த ஆர்டர் போச்சுன்னா அந்த லைன்ல இருக்கற பொம்பளைங்களுக்கு நீங்களா சோறு போடுவீங்க?” அவர் என்னைக் காட்டி, “இதோ நிக்குதே இந்தப் பொண்ணு, இதோட தங்கச்சி அங்கதான் தைக்குது. கேளுங்க” என்றார்.

ஆபீசம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாரா, சும்மா பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்கட்டுக் கதவருகே அவருடைய வீட்டுக்காரர் காப்பி டம்ளரோடு வந்து நின்றிருந்தார். ரிசீவரில் ஏழுமலையின் குரல் “அம்மா, அம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆபீசம்மா கையை எடுத்தார். “ஏழுமல. வண்டியத் திருப்பு. மேடான எடமாப் பாத்து நிறுத்து. தண்ணிய நீ தாண்டக் கூடாது.”

அவன் என்னவோ சொன்னான்.

“நான் சொன்னேன்னு சொல்லு. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு” என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. பாலாற்றைக் கடந்து ஆற்காடு வழியாகப் போகலாமா என்று கேட்டார். ஆற்றில் வெள்ளம், பாலத்தில் போலீஸ் பெரிய வண்டிகளை விடவில்லை. சோளிங்கரில் தெரிந்த கடைக்காரரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் தரைப்பாலம் முழுகிவிட்டது. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் கேட்டார். ரயில்கள் எல்லாம் அரக்கோணத்திலேயே நின்றிருந்தன. ஒவ்வொன்றையும் அவர் மேனேஜரிடம் அப்படியே சொன்னார், ஒன்றிலும் நம்பிக்கை வைத்துப் பேசவில்லை. மேனேஜர் பெஞ்சில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் காலை மழை விட்டு, தண்ணீர் இறங்கியது. ஏழுமலை துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டிருந்தார்கள்.

அந்த ரோட்டில் அன்றைக்குத் தண்ணீர் ஒரு வண்டியைக்கூட அடித்துக்கொண்டு போகவில்லை. தண்ணீரில் இறங்கிய லாரிகள் எல்லாமே பத்திரமாக அக்கரை சேர்ந்தன. அதில் ஒன்று, எங்களோடு போட்டிபோட்ட தொழிற்சாலையின் லாரி. அவர்கள் சரக்கு அதே கப்பலில் போனது. எங்கள் சரக்கில் பாதியை விமானத்தில் அனுப்பிப் பார்த்தார்கள், பலனில்லை. ஜெர்மனிக்காரர் அந்தப் போட்டித் தொழிற்சாலைக்கே போய்விட்டார். மூன்று வரிசைகளில் ஒன்றை மூடினார்கள். செல்வி நாலைந்து மாதம் வீட்டில் இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு கைப்பிடி சோறு குறைந்தது. ஆபீசம்மாவின் பெயரை எடுத்தாலே எங்கள் அம்மா எழுந்து போய்விடுவார்.

மேனேஜர் அடுத்த வாரமே வேறு லாரி கம்பெனியை அமர்த்தினார். மற்ற தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக விலகின. பொம்பளை பயந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. ஏழுமலைக்குத்தான் அது ஜாஸ்தி வலித்தது. டீக்கடையில் மற்ற டிரைவர்கள், “இன்னாப்பா, முட்டித் தண்ணியப் பாத்து நின்னுட்டியாமே” என்று கேட்டார்களாம். அவன் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குச் சில நாட்கள் கழித்து நான் அந்த ஆபீசுக்குப் போனேன். போன் அடிக்கவில்லை. ஆபீசம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மேஜைமேல் கீரையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“எல்லா வண்டியும் தாண்டிடுச்சாமேம்மா” என்றேன்.

“ஆமா.”

“நம்முதும் தாண்டியிருக்கும் இல்ல?”

“தாண்டியிருக்கும்னுதான் நெனைக்கிறேன்” என்றார். இன்னொரு கீரைத்தண்டை ஒடித்துவிட்டு, “அவன் இடது பக்கக் கல்லு தெரியலன்னான். நான் இங்க காஞ்ச எடத்துல ஒக்காந்துக்கினு, போடான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்ளோதான். தங்கச்சி எப்பிடி இருக்குது?” என்று கேட்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு கன்டெய்னர் வந்தது. துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகச் சரக்கு தூக்கிய காலம் மாறி, தொழிற்சாலையிலேயே இரும்புப் பெட்டியில் அடுக்கிப் பூட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். நீளமான டிரெய்லர்கள் ஆம்பூர் சந்துகளில் திரும்ப முடியாமல் நின்றன. ஆபீசம்மாவால் டிரெய்லர் வாங்க முடியவில்லை. ஆபீசைக் காலி செய்துவிட்டு, வீட்டுக்காரரோடு குடியாத்தத்துக்குப் போய், மிச்சமிருந்த இரண்டு லாரிகளில் லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஏழுமலை முன்னுக்கு வந்தான். கடன் வாங்கி ஒரு டிரெய்லர், பிறகு இன்னொன்று. எண்பதுகளின் கடைசியில் எங்கள் சரக்கு அவனிடம்தான் போயிற்று. நான் அப்போது அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒரு மழைநாளில் ராணிப்பேட்டைப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி டிரெய்லர் நின்றிருந்தது. கப்பலுக்கு நேரமாகிறது என்று நான் அவன் ஆபீசில் போய் நின்று நெருக்கினேன். அவன் போனில் தன் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வாணாம். நில்லு. தண்ணி கொறையட்டும்” என்று வைத்தான்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“இன்னா அப்பிடிப் பாக்கறீங்க? அந்தம்மா மேல எனக்கு இன்னிக்கும் கோவம்தான். அன்னிக்கு நான் தாண்டியிருப்பேன். கண்ணை மூடிக்கினு தாண்டியிருப்பேன். என்னை நாலு பேரு முன்ன அசிங்கப்படுத்திட்டாங்க.” மேஜையில் இருந்த சாவிக்கொத்தை எடுத்துத் திரும்ப வைத்தான். “ஆனா நான் தாண்டறது வேற. இன்னொருத்தனத் தாண்டச் சொல்றது வேற. அது இந்த நாற்காலில ஒக்காந்தப்புறம்தான் தெரியுது. பேஜாரான வேலைங்க இது.”

அந்த முறை எங்களுக்குக் கப்பல் கிடைத்தது. டிரெய்லர் மாலையில் கிளம்பி, நேரத்துக்குப் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போனவள், விசாரித்துக்கொண்டு அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். லுங்கிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. செல்வியைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அவளுக்குக் கல்யாணமாகி வாணியம்பாடியில் இருக்கிறாள் என்றேன். பிறகு ஏழுமலை பேச்சு வந்தது. அவன் டிரெய்லர் வைத்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று அவன் ஆபீசில் நடந்ததைச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். ஆனால் சொல்லும்போது எப்படியோ அவனுடைய கோபத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

“உங்க மேல ஏழுமல இன்னும் கோவமாத்தான் இருக்கான்மா.”

“இருக்கானா?”

“இருக்கான்.”

“இருக்கட்டும்” என்றார் ஆபீசம்மா. “கோவப்படறதுக்கு அவன் இருக்கான் இல்ல.”